குந்திப் பார்த்து வாங்கிய ஜீன்ஸ்

அன்று அந்தப் பண்டல் கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். அப்பா, அக்கா, நான், அம்மாவின் தம்பியான மாமா, கடையை நடத்திய மலாய்க்காரப் பெண்மணி, அவருடைய கைக்குழந்தை, குளிர்கோட்டு தேடிக்கொண்டிருந்த நேப்பாளத் தொழிலாளி ஒருவர். குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்கு அப்போதே ஒரு யோசனை. பிறகு அது விழித்துக்கொண்டது, சேர்த்துவிட்டேன். அம்மா அங்கே இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் அவருக்கு அன்று ஓவர்டைம். ஆனால் இந்தக் கதை வீட்டில் எழும்போதெல்லாம் தானும் கூட நின்றதாக அம்மா சொல்வார். அதனால்தான் ஆளை எண்ணிச் சொல்கிறேன்.

கடை கூலாய் என்ற ஊரில் இருந்தது. ஜப்பானிலும் கொரியாவிலும் யாரோ உடுத்திக் கழித்த துணிகள் பெரிய மூட்டைகளாகக் கப்பலில் வந்து இறங்கும். மூட்டையை அவிழ்த்துக் கம்பியில் மாட்டினால் அதுதான் பண்டல் கடை. உள்ளே நுழைந்ததும் பூச்சிமருந்தும் பழைய பெட்டியும் கலந்த ஒரு வாடை வரும். எனக்குப் பதினொரு வயது. இந்தச் சட்டையைப் போட்டிருந்தவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்ற கவலை ஒவ்வொரு சட்டையைத் தொடும்போதும் வந்தது. அக்காவிடம் கேட்டேன்.

"செத்தவங்க சட்டையைப் போட்டா நீ செத்துடுவியா? தொவைச்சுப் போட்டா சரி லா," என்றாள் அக்கா.

அவள் கவலை வேறு. அன்று சாயங்காலத்துக்குள் அப்பா ஒப்புக்கொள்ளும்படி ஒரு ஜீன்ஸ் கிடைக்காவிட்டால் அவளுக்கு உருமி மேளம் கிடையாது.

அதைச் சொல்லிவிடுகிறேன். மாமா ஓர் உருமி மேளக் குழுவில் தவில் அடிப்பவர். பண்டார் தெங்காராவில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு கார் கழுவும் கடையின் பின்புறம் அவர்கள் பயிற்சி செய்வார்கள். மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று சொல்லிச் சொல்லியே அக்கா ஒரே வருடத்தில் உருமி அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். உருமிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தில் அடிக்க வேண்டும், இன்னொன்றில் வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும். தேய்த்தால் சினைமாடு அடிவயிற்றிலிருந்து முனகுவது போல ஒரு சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தம் பயம். அக்காவுக்கு அதுதான் உயிர். குழுவில் பன்னிரண்டு ஆண்கள். பதின்மூன்றாவது ஆளாக அக்காவைச் செடெனாக் பக்கத்துக் கோயில் திருவிழாவில் இறக்கலாம் என்று குழுத் தலைவர் சொல்லியிருந்தார்.

குழுவுக்கு ஒரே உடை. மெரூன் நிறச் சட்டை, கணுக்காலுக்கு மேல் ஏறும் கறுப்புக் கேன்வஸ் சப்பாத்து, கிழிசல் இல்லாத அடர்நீல ஜீன்ஸ். சட்டையும் சப்பாத்தும் குழுவே கொடுத்தது. மொத்தமாக வாங்கிய சப்பாத்தில் ஆகச் சின்னதும் அக்காவுக்கு ஒரு அளவு பெரிது, இரண்டு காலுறை போட்டால்தான் நின்றது. ஜீன்ஸ் மட்டும் அவரவர் பாடு.

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவர் எதற்கும் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. சினாய் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுபவர் அவர். கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்தே பழகியதாலோ என்னவோ, எந்த விஷயமானாலும் பின்னால் என்ன நடக்கும் என்றுதான் முதலில் பார்ப்பார். மாமா தன் கைப்பேசியில் குழுவின் வீடியோவைப் பெருமையாகக் காட்டினார். அடி வேகம் பிடிக்கும்போது எல்லாரும் அடித்துக்கொண்டே குந்துவார்கள், குந்தியபடியே ஒரு சுற்றுச் சுற்றி, ஒரே தாவலில் எழுவார்கள். அப்பா அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அந்தப் பையன் குந்துறான் பாரு. ஜட்டியில என்ன கம்பெனி பேரு போட்டிருக்குன்னு என்னால படிக்க முடியுது."

"அவன் அப்படித்தான் அத்தான். லூசுப் பய."

"அவன் ஆம்பளைப் பய. ஊரு சிரிச்சிட்டுப் போயிடும். இவளுக்கு?"

மாமா கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். நீளமான சட்டை போடலாம்தான், ஆனால் பதின்மூன்று பேருக்கும் ஒரே மாதிரிச் சட்டைதான். போதாததற்கு உருமியின் வார் தோளில் ஏறியதும் சட்டையையும் மேலே இழுத்துக்கொண்டு போகும். ஆக, இடுப்பை மூடும் வேலை முழுக்க ஜீன்ஸின் தலையில் விழுந்தது. அப்பா தீர்ப்புச் சொன்னார்: தானே கூட வந்து பார்ப்பார். குந்தும்போது முதுகுப் பக்கம் ஒரு விரல் அகலம் தோல் தெரிந்தாலும் மேளம் கிடையாது.

இப்படித்தான் நாங்கள் நான்கு பேரும், அக்கா அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் வேனில் கூலாய் வந்து சேர்ந்தோம்.

கடைக்குள் போன பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. வயதுக்கு வந்த மகள் குந்துவதை அப்பா எப்படிப் பின்னால் நின்று பார்ப்பார்? மாமாவும் பார்க்க முடியாது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"பாப்பா, நீதான் பாத்துச் சொல்லணும்," என்றார் அப்பா. "பொய் சொல்லக் கூடாது."

அக்கா குந்தும் நேரமெல்லாம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே சின்னப் பிள்ளைகளின் குளிர்த்தொப்பிகள் தொங்கின. மாமாவும் போய் அவர் பக்கத்தில் நின்று தொப்பிகளைப் பார்த்தார். நான் துணி மாற்றும் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பள்ளியில் வகுப்புத் தலைவியாக ஒருநாள் இருக்கச் சொன்னதற்கே காய்ச்சல் வந்தவள் நான். பின்னாளில் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு, படிப்பை நிறுத்தியதும் இந்த மாதிரிப் பயத்தால்தான். அன்று அக்காவின் மேளம் முழுக்க என் இரண்டு கண்ணில் வந்து நின்றது.

முதல் ஜீன்ஸ் பெண்கள் போடுவது. இழுத்தால் நீளும் துணி, கால் ஒட்டிப் பிடித்தது. சப்பாத்தின் கழுத்து முழுசாகத் தெரிந்தது. மாமாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "சப்பாத்து தெரியணும் அத்தான். தெரியலன்னா எதுக்கு அவ்வளவு காசு போட்டு வாங்கினோம்?" அக்கா குந்தினாள். நான் பார்த்தேன். ஒரு விரலா, ஒரு கை.

"தெரியுதுப்பா," என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போதும் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது இடுப்புக்கு மேலே ஏறி நின்றது, அப்பாவுக்குப் பிடித்தது. ஆனால் கால் அகலம். சப்பாத்து இரண்டையும் அப்படியே விழுங்கிவிட்டது. "இது போட்டா சப்பாத்தும் வேணாம், காலும் வேணாம்," என்றார் மாமா. அக்கா தாவியபோது ஒரு காலின் விளிம்பை இன்னொரு கால் மிதித்தது. மூன்றாவது பார்க்க எல்லாம் சரியாக இருந்தது. குந்தப் போனபோது முழங்காலுக்கு மேல் எங்கோ 'டர்' என்றது. நேப்பாளத் தொழிலாளி சிரித்துவிட்டு, மரியாதைக்காகக் கோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நான்காவது, ஐந்தாவது என்று ஏழு வரை போனது. ஒன்றில் சப்பாத்து தெரியவில்லை, ஒன்றில் முழங்கால் மடங்கவில்லை, மற்றதில் எல்லாம் நான்தான் வில்லி. "தெரியுதுப்பா." "தெரியுதுப்பா." தொப்பிச் சுவரிலிருந்து அப்பா ஒவ்வொரு தடவையும் "ம்" என்பார். அந்த "ம்" கொஞ்சம் கொஞ்சமாக நிம்மதியாகிக்கொண்டே போனதாக எனக்குப் பட்டது.

ஏழாவது ஜீன்ஸைக் கழற்றிக் கொடுத்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது. கடைக்காரப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டார். நாங்கள் அவரைக் காக் என்று கூப்பிட்டோம், மலாயில் அது அக்கா. இவ்வளவு நேரம் எங்கள் கூத்தைக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்தார். கல்யாணமா என்று மலாயில் கேட்டார். மேளம் என்றாள் அக்கா. "அலமாக்," என்று காக் தலையில் கை வைத்தார். பிறகு, இன்னும் அவிழ்க்காத ஒரு மூட்டையின் கயிற்றைக் கத்தரியால் வெட்டி, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவி, ஒன்றை இழுத்து எடுத்தார்.

ஆண்கள் போடுவது. பழையது, ஆனால் நிறம் போகவில்லை. துணி அவ்வளவு கனம். மடித்துத் தரையில் வைத்தால் தானே நிற்கும் போலிருந்தது. அக்கா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது மாமா தொப்பிகளை விட்டுவிட்டுத் திரும்பினார். இடுப்பு தொப்புளுக்கு மேல் நின்றது. கால் நேராக இறங்கி, சப்பாத்தின் கழுத்தில் வந்து உட்கார்ந்து, அங்கே இரண்டு சுருக்கம் விட்டு நின்றது. சப்பாத்தும் தெரிந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, என் தலையில் குட்டிக்கொண்டு இருக்கிறவள் இவள்தானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. உயரமாகத் தெரிந்தாள். யாரையும் கேட்காதவளாகத் தெரிந்தாள்.

"குந்து," என்றார் அப்பா சுவரைப் பார்த்தபடி.

குந்தினாள். எழுந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே சொன்னார்: "இதெல்லாம் பத்தாது. அங்க சும்மாவா குந்தப் போற? அடிச்சிக்கிட்டே குந்து. அப்பத்தான தெரியும்."

உருமி கார் கழுவும் கடையில் இருந்தது. மாமா தவித்துப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். காக் குழந்தைத் துணி அலசும் சிவப்பு வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நீட்டினார். கம்பியில் தொங்கிய ஓர் இடுப்புவாரை வாளியின் கைப்பிடியில் கோத்து அக்காவின் தோளில் மாட்டினோம். குச்சிக்கு இரண்டு மரக் கோட்டு மாட்டிகள். அக்கா முதலில் ஈரக் கட்டைவிரலால் வாளியின் பக்கத்தைத் தேய்த்தாள். அது உறுமவில்லை, எலிக்குஞ்சு மாதிரி கீச்சிட்டது. மாமா சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு அவள் அடிக்க ஆரம்பித்தாள்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வாளிதான். மாட்டிதான். ஆனால் அந்த அடி முதலில் தரையில் ஊர்ந்து, பிறகு என் முழங்காலுக்கு வந்து, பிறகு நெஞ்சுக்குள் வேறு யாரோ ஓடுவது போல ஆகிவிட்டது. கம்பியில் தொங்கிய சட்டைகள் லேசாக அசைந்தன. குழந்தை விழித்துக்கொண்டது, அழவில்லை. நேப்பாளத் தொழிலாளி ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் நுழைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். அப்பாவின் கையில் வேன் சாவி இருந்தது, அது அடியோடு சேர்ந்து கிலுங்கியது. அது அவருக்குத் தெரிந்திருக்காது. அக்கா குந்தினாள். குந்தியபடியே ஒரு சுற்று வந்தாள். அந்தக் கனத்த ஜீன்ஸ் அவளோடு மடங்கி, அவளோடு திரும்பியது. ஒரே தாவல். கறுப்புச் சப்பாத்து இரண்டும் தரையை விட்டு எழுந்தன. அந்தரத்தில் இருந்தபோதும் அவள் கை நிற்கவில்லை. முகம் மட்டும் தூங்குகிறவளின் முகம் மாதிரி அமைதியாக இருந்தது.

அடி நின்றது.

"தெரிஞ்சுதா?" என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் முதுகைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், சப்பாத்தைப் பார்த்தேன். பார்க்க வேண்டிய ஒரே இடத்தை மறந்துவிட்டேன். இன்னொரு தடவை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணும் தெரியலப்பா," என்றேன்.

அது பொய்யா என்று எனக்கே தெரியாது. அப்பா சுவரிலிருந்து திரும்பினார். அக்காவைப் பார்க்காமல் ஜீன்ஸை மட்டும் கீழிருந்து மேலாகப் பார்த்தார். "எவ்வளவு?" என்று காக்கிடம் கேட்டார். நாற்பத்தைந்து வெள்ளி. பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. இரண்டு வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் அக்காவிடம், "ஒரு தடவை போட்டுக் குந்திக் காட்டேன்," என்று கெஞ்சினேன். "கசங்கிடும், போடி," என்றாள். எல்லார் முன்னாலும் தெரிந்துவிட்டால் அப்பா அங்கேயே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார், அக்கா என்னை வாழ்நாள் முழுக்க மன்னிக்கமாட்டாள், அப்பா என்னை எதற்குமே நம்பமாட்டார். மூன்றும் மாறி மாறி எனக்கு வந்தன.

அந்தக் காலையும் வந்தது. பதின்மூன்று பேர் மெரூன் சட்டையில் கோயில் வாசலில் வரிசையாக நின்றார்கள். வெயிலில் பதின்மூன்று ஜோடிக் கறுப்புச் சப்பாத்து பளபளத்தது. தேர் கிளம்பும் நேரத்தில் கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வந்தார். மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்னப்பா இது? சாமிக்கு முன்னாலயே சப்பாத்தா?"

எல்லாருக்கும் தெரிந்ததுதான். குழுத் தலைவருக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், கோயில் வாசலில் செருப்பை விட்டே வளர்ந்த அப்பாவுக்குத் தெரியும். சப்பாத்துக்கு ஏற்ற ஜீன்ஸ் என்று அரைநாள் மல்லுக்கு நின்றபோது ஒருவருக்குமே அது தோன்றவில்லை. பதின்மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கயிறு அவிழ்க்க ஆரம்பித்தார்கள். உயரச் சப்பாத்து, கயிறு கோத்த கண் எத்தனை! அம்மன் தேரில் காத்திருந்தாள். பூசாரி கையில் கற்பூரத்தோடு காத்திருந்தார். மாமா தன் கயிற்றைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மேளம் எழுந்தது. தேர் நகர்ந்தது. அக்காவின் உருமி இப்போது உண்மையாகவே உறுமியது. அப்பா வேட்டியும் சட்டையுமாக அவளுக்கு நேர் பின்னால், ஒரு கை தூரத்தில் நடந்தார். விலகவே இல்லை. அவருக்குப் பின்னால் நான். அவர் அகன்ற முதுகைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது தெரிகிறதா என்றுதான் இவர் காவல் காக்கிறார் என்று நினைத்து, அவர் சட்டை கைக்கு எட்டும் தூரத்திலேயே நடந்தேன்.

முதல் குந்தலில் அப்பாவின் கை ஓரமாக எட்டிப் பார்த்தேன், அப்போதே அது நடந்தது. ஜீன்ஸின் காலைத் தாங்கி நின்றது சப்பாத்தின் கழுத்து. சப்பாத்து போனதும் துணி இறங்கிக் குதிகாலுக்கு அடியில் போய்விட்டது. தேருக்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய ஈரத் தரை வேறு. அக்கா சுற்றியபோது விளிம்பை மிதித்தாள், சறுக்கினாள், ஒரு முழங்கால் தரையைத் தொட்டது. அடி விடவில்லை. எழுந்துவிட்டாள். ஆனால் அடுத்த சுற்று வந்துகொண்டிருந்தது, எங்கள் பக்கம் திரும்பிய முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

அப்பா முன்னால் பாய்ந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். "வேணாம்பா, வேணாம்பா!" என் பிடியை அவர் உணர்ந்ததாகவே தெரியவில்லை. கூட்டத்துக்கு நடுவில், அத்தனை பேர் பார்க்க, வேட்டியோடு அந்த ஈரத்தில் குந்தினார்.

அக்காவின் கால்கள் தாளத்தில் மாறி மாறி எழுந்துகொண்டிருந்தன. அவர் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. இடது கால் எழும்பும்போது ஒரு மடிப்பு. அது இறங்கி வலது எழும்போது அதில் ஒரு மடிப்பு. மறுபடி இடது, மறுபடி வலது. ஓர் அடிகூடத் தப்பாமல், அந்தக் கனத்த துணியை இரண்டு காலிலும் ஒரே அகலமாக மூன்று மடிப்பு மடித்து ஏற்றினார். மேளம் கற்ற யாரோ போல அவர் கை தாளத்தில் போய்வந்தது. அக்கா கீழே குனிந்து பார்க்கவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை இறுக்கி மூடித் திறந்தாள். மாமா தவில் அடித்தபடியே என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார். அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார், பழைய இடத்துக்கே போய், பழையபடி பின்னால் நடந்தார். அடுத்த சுற்றில் அக்கா எழும்பிய உயரத்தை நான் கடையில் பார்க்கவில்லை. மஞ்சள் தண்ணீர் தெறித்து என் முகத்தில் விழுந்தது.

முதுகு தெரிந்ததா? அன்றும் எனக்குத் தெரியாது. அப்பா நடுவில் நின்றார்.

மத்தியானம் வேனில் வீடு திரும்பினோம். அக்கா முன் இருக்கையில். ஜீன்ஸ் முழங்கால்வரை ஈரம். செம்பனைக் காடு தொடங்கிய பிறகு அப்பா சாலையைப் பார்த்தபடி சொன்னார்:

"அந்த ஜீன்ஸ் நாப்பத்தஞ்சு வெள்ளி. சும்மா வந்துச்சுன்னு நெனைக்காத. ஒரு எடம் போய் அடிச்சா அஞ்சு வெள்ளி எனக்குக் குடுத்துடணும்."

"சரிப்பா," என்றாள் அக்கா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு பட்டவளிடம் போய்க் காசைத் திருப்பிக் கேட்கிறாரே என்று நினைத்தேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இடம். இன்னும் ஒன்பது தடவை அவள் ஊர் முன்னால் குந்த வேண்டும், ஒன்பது தடவை நான் சாப்பிடாமல் கிடக்க வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வீடுவரை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

அக்கா எட்டு இடத்துக் காசை ஒழுங்காகக் கொடுத்தாள். ஒன்பதாவது தடவை நீட்டியபோது அப்பா, "இப்ப என்ன அவசரம், அடுத்த மேளத்துல குடு," என்றார். அதற்கடுத்த தடவையும் அதையேதான் சொன்னார். அக்கா இப்போது மாசாயில் குடியிருக்கிறாள். அவளுடைய குழுவிலேயே ஏழு பெண்கள். அந்த ஜீன்ஸ் எப்போதோ நைந்து கால்மிதியாகிவிட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் நோட்டை நீட்டுவாள், அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

இன்னும் ஐந்து வெள்ளி பாக்கி.